கன்று வீசிய பசு

மூத்த மகள் இல்லாத வீட்டில் அவள் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவைத்துவிட்டுச் சாப்பிடப் பழகியவர்களை, இந்தக் கதையை வாராவாரம் வாசித்துவருகிறவர்கள் அறிவார்கள். இன்றுதான் பக்கத்தைப் புரட்டியவர்களுக்கு மட்டும் நாலு வார்த்தை.

அப்பா மாட்டுப் பண்ணை வைத்திருந்தவர். பெரியவள் கால்நடை மருத்துவம் படித்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்பாவின் கொட்டகையிலேயே ஒரு பசு முதிராத கன்றை வீசியது. இரத்தத்தைப் பரிசோதித்தாள். கன்று வீச்சு நோய். ஒட்டுகிற நோய். மறைக்கச் சொல்லி அப்பா கெஞ்சவில்லை. ஆனால் கண்ணால் கேட்டார். அவள் கால்நடைத் துறை அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டாள்.

நோய் பரவாமல் தடுக்க மாடுகளை அகற்ற லாரி வந்தது. அப்பா கன்றிலிருந்து வளர்த்த மாடுகள் ஏறிப் போயின. அன்று சாயங்காலமே அவளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் யாரும் சொல்லவில்லை.

அதெல்லாம் ஆகி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்பா இப்போது ஒரு தீவன ஆலைக்கு வேன் ஓட்டுகிறார். தெருவில் இன்னமும் அவருக்குப் பெயர் பால்காரர்தான்.

இளையவள் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கிறாள். ஓரிடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டே இருப்பதால் சின்ன வயதிலேயே பட்டாணி என்று பெயர் வைத்துவிட்டார்கள். இளையோருக்கான கால்நடை, வளர்ப்புப் பிராணிகள் அறிவுப் போட்டியில் அவள் பெயர் கொடுத்திருந்ததும், அதை அப்பாவிடம் சொல்லப் பயந்து கடைசியில் சாப்பாட்டு மேஜையில் போட்டு உடைத்ததும் போன வாரக் கதை.

அப்பா திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ, "நானே கொண்டு போய் விடறேன்" என்று மட்டும் சொன்னார்.

இன்று அந்தப் போட்டி.

*

"நீயும் வாயேம்மா."

"உடம்பு ஒரே அசதியா இருக்குடி. நீங்க போயிட்டு வாங்க." அம்மா வெயில் விழும் ஜன்னலோரமாக, தோளில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தைக்க வேண்டிய பள்ளிச் சீருடைகள் மிஷின் மேலே குவிந்து கிடந்தன. "ஜெயிச்சா ஃபோன் பண்ணு. தோத்தாலும் பண்ணு."

"தோத்தா மெதுவா நடந்து வருவேன். ஃபோனெல்லாம் கிடையாது."

அம்மா சிரித்தாள். எழுந்து வாசல்வரை வரவில்லை.

வேனில் அப்பா பேசவே இல்லை. பட்டாணி மடியில் கையைக் கட்டிக்கொண்டு, படித்ததை உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அவரிடம் கேட்டால் எல்லாமே தெரியும். கேட்கத்தான் முடியாது. மாடு என்கிற சொல்லே அந்த வீட்டில் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போகும்.

நகரம் நெருங்குகிற இடத்தில் ஒரு மந்தை சாலையைக் கடந்தது. அப்பா வண்டியை நிறுத்தினார். என்ஜினையும் அணைத்தார். அதற்கு அவசியமே இல்லை. முதல் மாடு அதற்குள் அந்தப் பக்கம் போய்விட்டது.

ஜன்னல் விளிம்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண் கொம்பைப் பார்க்கவில்லை; மடியைப் பார்த்தது, நடையைப் பார்த்தது.

"அந்தச் செவலை இருக்கு பாரு," என்றார் திடீரென்று. "வால் பக்கத்து எலும்பெல்லாம் தளர்ந்துடுச்சு. நாளைக்கோ நாளன்னைக்கோ ஈனிடும்."

பட்டாணி அசையவில்லை. ஒரு வார்த்தை பேசினால் அவர் நிறுத்திவிடுவார் என்று பயந்தாள்.

பேசாமல் இருந்தும் அவர் நிறுத்திவிட்டார். மந்தை போய்த் தூசி அடங்கியது. பின்னால் ஒரு கார்க்காரன் ஹாரன் அடித்தபோதுதான் அப்பாவுக்குச் சாவியின் ஞாபகம் வந்தது.

*

கல்லூரி விளையாட்டுக் கூடத்தில் மேஜைகளைப் போட்டுத் தேர்வுக் கூடமாக மாற்றியிருந்தார்கள். ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு தேர்வாளர். மணி அடித்தால் அடுத்த மேஜை.

முதல் மேஜையில் கிண்ணம் கிண்ணமாகத் தீவனம். தொட்டுப் பார்க்கலாம், முகரலாம். பெயரும் எந்தப் பிராணிக்கு என்பதும் சொல்ல வேண்டும். பட்டாணிக்கு இது ஊதித் தள்ளுகிற வேலை. அப்பாவின் சட்டைப் பையைக் கவிழ்த்தாலே பாதி கிண்ணம் நிறையும்.

அடுத்ததில் கோழிகள். எது நன்றாக முட்டையிடும் என்று வரிசைப்படுத்த வேண்டும். அவள் ஒவ்வொன்றாகக் கக்கத்தில் இடுக்கி, பின்பக்க எலும்புகளுக்கு நடுவே விரல் நுழைகிறதா என்று பார்த்தாள். விரல் நுழையாத கோழிதான் கூட்டத்திலேயே அழகி. கொண்டையும் பளபளப்புமாக நின்றது.

"இதையா கடைசியில வைக்கிற?" என்றார் தேர்வாளர்.

"மேக்கப் பிரமாதம் சார். முட்டைதான் வராது."

அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டே மார்க் போட்டார்.

வளர்ப்புப் பிராணிகள் மேஜையில் அவள் தடுமாறினாள். கிளி இறகைத் தானே பிடுங்கிக்கொள்வது ஏன் என்ற கேள்விக்கு ஊட்டக்குறைவு என்றாள். அதுவும் ஒரு காரணம்தான். தனிமையும் ஒரு காரணம் என்றார்கள். இது தனக்குத் தோன்றாமல் போய்விட்டதே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்தில் நின்ற பெண், முயல் வளர்ப்பதால் எல்லோருக்கும் முயல்காரி, அதைச் சட்டென்று சொல்லியிருந்தாள்.

"உனக்குக் கிளி இருக்கா?" என்று கேட்டாள் பட்டாணி.

"இல்ல. எங்க சித்தப்பா இருக்கார். தனியா விட்டா மீசையைப் பிடுங்கிக்குவார்."

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மதியத்துக்குள் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள். இறுதிச் சுற்றுக்குப் போன சிலரில் இரண்டு பேரும் இருந்தார்கள்.

*

இறுதிச் சுற்று மேடையில். பெட்டிக்குள் கைவிட்டு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். தலைமை நடுவர் கேள்வியை மைக்கில் படிப்பார். நின்றபடி வாயால் பதில் சொல்ல வேண்டும். பெற்றோர்கள் கீழே நாற்காலிகளில். அப்பா கடைசி வரிசையில், வெளியே போகத் தயாராக இருப்பவர் மாதிரி ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறினாள். நடுவர்களுக்கு வணக்கம் சொல்ல நிமிர்ந்தாள்.

மேஜையின் ஓரத்தில், வராமல் போன ஒரு நடுவருக்குப் பதிலாக வந்தவள் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். கையில் பேனாவை இறுக்கிப் பிடித்திருந்த விதம் மட்டும் மாறவில்லை.

அக்கா.

கண்ணாடி எப்போது போட்டாள்? யார் கூடப் போய் வாங்கினாள்? அந்த நிமிஷத்தில் பட்டாணிக்கு இதுதான் தோன்றியது. இது தனக்குத் தெரியாமல் நடந்துவிட்டதே.

அக்கா எழுந்து நின்றாள். தலைமை நடுவர் பக்கம் குனிந்து மெதுவாகத்தான் சொன்னாள். மைக் திறந்திருந்தது.

"இந்தப் பொண்ணுக்கு நான் மார்க் போடக் கூடாது சார். என் கூடப் பிறந்த தங்கச்சி."

கூடம் முழுக்கக் கேட்டது. கடைசி வரிசையில் ஒரு நாற்காலி தரையில் உராயும் சத்தமும் கேட்டது. அப்பா எழுந்துவிட்டார்.

போய்விடுவார் என்று நினைத்தாள். அவர் போகவில்லை. உட்காரவும் இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நல்லது. நீங்க கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க," என்றார் தலைமை நடுவர். "பயப்படாம சீட்டை எடும்மா."

எடுத்தாள். அவர் வாங்கிப் படித்தார்.

"பண்ணையில ஒரு சினைப் பசு மாசம் நிறையறதுக்கு முன்னாடியே கன்னை வீசிடுச்சு. நீ அங்க இருக்கே. என்ன செய்வே?"

எத்தனையோ சீட்டுகள் இருந்த பெட்டி அது. ஆட்டுக்கு லாடம் உண்டா என்றுகூட ஒரு சீட்டு இருந்ததாம். இவள் கைக்கு வந்தது இது.

அப்பாவைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடை தெரியும். அந்த விடையை ஒருத்தி இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே செய்துகாட்டிவிட்டு வீட்டை இழந்தாள். இப்போது அதையே அப்பா முன்னால், இத்தனை பேர் நடுவில் சொல்ல வேண்டும். பாதி சொல்லி நிறுத்தலாம். மாட்டைத் தனியாகக் கட்டுவேன், டாக்டரைக் கூப்பிடுவேன் என்று மட்டும் சொன்னால் பாதி மார்க் கிடைக்கும்; அப்பா நிமிர்ந்து வீட்டுக்கு வருவார்.

"தெரியலைன்னா சொல்லிடலாம்மா," என்றார் நடுவர் பரிவாக.

"தெரியும் சார்."

குரல் தன்னுடையது மாதிரியே இல்லை.

"மாட்டைத் தனியா கட்டுவேன். விழுந்த கன்னையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால தொட மாட்டேன். கையுறை போட்டுக்கிட்டுதான் எடுப்பேன். ஆழமாக் குழி தோண்டிப் புதைக்கணும். அந்த இடத்தைக் கிருமிநாசினி போட்டுக் கழுவணும். டாக்டர் வந்து எல்லா மாட்டுக்கும் ரத்தம் எடுத்துப் பாக்கணும். முடிவு வர்ற வரைக்கும் பாலை வெளியில குடுக்கக் கூடாது."

"கன்று வீச்சு நோய்னு வந்துட்டா?"

"அதிகாரிங்ககிட்ட சொல்லணும். மறைக்கக் கூடாது."

"பண்ணைக்காரர் ஒத்துக்கல. பிள்ளை மாதிரி வளர்த்தது, விட்டுடுன்னு அழறார். அப்ப?"

அந்த மனுஷருக்கு எதுவும் தெரியாது. விடையைச் சோதிக்கத்தான் கேட்டார்.

"அப்பவும் சொல்லித்தான் ஆகணும் சார்." பட்டாணி அக்காவை நேராகப் பார்த்தாள். "ஆனா சொன்னவங்க சொல்லிட்டுப் போயிடக் கூடாது. மாட்டை ஏத்துறப்போ பக்கத்துல நிக்கணும். மறுநாளும் வரணும். வெறும் கொட்டகையில அவர் ஒத்தையா உக்காந்திருப்பார்ல, அப்ப கூட இருக்கணும்."

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள்.

தலைமை நடுவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இது எந்தப் புத்தகத்துலயும் இல்லம்மா. இருந்திருக்கணும். சரி, கடைசியா ஒண்ணு. இது மனுஷங்களுக்கு வந்தா எப்படித் தெரியும்?"

மனப்பாடம். வரிசையாக ஓடிவந்தது.

"விட்டு விட்டுக் காய்ச்சல் வரும். பெரும்பாலும் சாயங்காலம். நிறைய வேர்க்கும். இடுப்பு வலி, மூட்டு வலி. உடம்பு எப்பவும் அசதியா..."

நின்றுவிட்டாள்.

ஜன்னலோரம் வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் கண் முன்னால் வந்தாள். சாயங்காலமானால் அடுப்பை இளையவளிடம் விட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறவள். தையல் மிஷின் முன் குனிந்தே இருந்ததால் இடுப்பு போய்விட்டது என்று சொல்லிக்கொள்கிறவள். அன்று கொட்டகையில் விழுந்த கன்றைத் தன் இரண்டு கையாலும் அள்ளி எடுத்து, பசுவைத் தட்டிக்கொடுத்து, நஞ்சுக்கொடியை இழுத்துப் போட்டதும் அவள்தானே? வெறுங்கையால்தானே?

"அசதியா?" என்றார் நடுவர்.

"இருக்கும் சார்," என்றாள் பட்டாணி. "இருக்கும். யாரும் கவனிக்க மாட்டாங்க."

*

முயல்காரிக்கு முதல் பரிசு. பட்டாணிக்கு இரண்டாவது. கிளியின் தனிமைதான் வித்தியாசம் என்று முயல்காரி கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னாள். பட்டாணிக்குக் கோப்பையைக் கையில் வாங்கியதுகூட நினைவில் நிற்கவில்லை.

கை கழுவும் குழாய்களுக்குப் பக்கத்தில் அக்கா நின்றிருந்தாள். குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவ மறந்து நின்றாள்.

"தண்ணி வீணாப் போகுது," என்றாள் பட்டாணி.

அக்கா மூடினாள். ஈரக்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். வளர்ந்துவிட்ட தங்கையின் தோளைத் தொட இப்போது கையைக் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருந்தது. பாதியில் நிறுத்திவிட்டாள்.

"நான் போயிட்டேன்னுதானே நினைக்கிறே? வந்தேன்டி. முதல் வருஷம் எத்தனையோ தடவை வந்தேன். அப்பா வேன் எடுத்துட்டுப் போற நேரமாப் பாத்து."

"பொய்."

"அம்மாவைக் கேளு. ஜன்னலை ஒரு கைப்பிடி அளவுக்குத் திறந்து, அப்பா இன்னும் ஆறல, இப்ப வராதேன்னு சொல்லிட்டு மூடிடுவாங்க. முகத்தைக்கூடச் சரியாக் காட்ட மாட்டாங்க. அம்மாவுக்கும் நான் வேண்டாதவளாயிட்டேன்னு நினைச்சு, அப்புறம் வர்றதையே நிறுத்திட்டேன்."

ராத்திரி சாப்பிடும்போது சுவரோர நாற்காலியைப் பார்த்துவிட்டு எழுந்து போகிற அம்மா, அந்த நாற்காலிக்காரியை வாசலிலேயே திருப்பி அனுப்பினாளா?

"அக்கா, அம்மாவுக்குச் சாயங்காலமானா காய்ச்சல் வருது."

அக்காவின் முகம் மாறியது. தங்கையின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த முகம் போய், மருத்துவரின் முகம் வந்தது.

"எவ்வளவு நாளா?"

"தெரியல. தையல் வேலைன்னு சொல்லிச் சொல்லி என்னை நம்ப வெச்சுட்டாங்க. இடுப்பு வலி. வேர்த்து நனைஞ்சுபோய் நைட்டியை மாத்துவாங்க. மேடையில சொல்லும்போதுதான்..." அழுதுவிட்டாள்.

"அழாதே. காய்ச்சலுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ரத்தம் பாத்தா தெரிஞ்சிடும். அதுவாவே இருந்தாலும் மருந்து இருக்கு. மனுஷ டாக்டர்கிட்டப் போகணும், அவ்வளவுதான்." அக்கா ஈரக்கையாலேயே அவள் முகத்தைத் துடைத்தாள். இன்னும் ஈரமானது. "நான் பாத்தா உடனே கண்டுபிடிச்சிடுவேன்னு அவங்களுக்குத் தெரியும். அதான் ஜன்னலை முழுசாத் திறக்கல."

"அப்பாவுக்குத் தெரியக் கூடாதுன்னா?"

"தெரிஞ்சா அவர் தாங்குவாரா? அந்த நோய் மாட்டோட போச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கார்."

காலடிச் சத்தம் கேட்டு இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

அப்பா கொஞ்சம் தள்ளியே நின்றார். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். பார்வை பட்டாணியின் கோப்பை மேல் இருந்தது.

"உங்க அக்காகிட்ட ஒண்ணு கேளு," என்றார். "கொட்டகையைத் தேய்ச்சுக் கழுவி, மருந்தடிச்சு, வெள்ளையடிச்சு வெச்சிருக்கு. மறுபடி எப்ப மாடு கட்டலாம்னு கேளு."

அக்கா பட்டாணியைப் பார்த்தே சொன்னாள். "எப்பவோ கட்டியிருக்கலாம்னு சொல்லு."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது? நான் என்ன நடுவுல ஒலிபெருக்கியா?"

அப்பாவின் உதடு கோணியது. சிரிப்பு மாதிரி இருந்தது, சிரிப்பாக முடியவில்லை.

"தெரியும்," என்றார். இந்தத் தடவை பெரியவளைப் பார்த்தார். "எப்பவோ கட்டியிருக்கலாம்னு எனக்கும் தெரியும். கட்டலை. நீ வந்து பாத்துட்டு, சரிப்பா, இப்ப கட்டலாம்னு ஒரு வார்த்தை சொல்லுவேன்னு இருந்தேன்."

"நீங்க கூப்பிடலையேப்பா."

"கூப்பிடலதான்." தொப்பி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. "லாரியில ஏத்தினப்போ எல்லாம் என்னைத் திரும்பிப் பாத்துச்சு. உன் முகத்தைப் பாத்தா அது ஞாபகம் வரும்னு பயந்தேன். வராமலா இருந்துச்சு? தினம் வந்துச்சு. நீ இல்லாததும் சேர்ந்து வந்துச்சு."

அக்கா நடந்துபோய் அவர் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவர் சட்டையில் பிண்ணாக்கு வாசனை அடித்தது. அவர் கை எழுந்து, சுற்றிலும் ஆட்கள் இருப்பதைப் பார்த்துத் தயங்கி, பிறகு எதையும் பார்க்காமல் அவள் தலையில் இறங்கியது.

"இன்னிக்கே வர்றியா? வந்து பாத்துச் சொல்லு," என்றார்.

அவர் தோளுக்கு மேலாக அக்கா பட்டாணியைப் பார்த்தாள். கொட்டகையை அல்ல, யாரைப் பார்க்கப் போகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"வர்றேன்பா."

*

அக்காவின் பையை அப்பாவே தூக்கிக்கொண்டு போனார். தீவன மூட்டைகளை நகர்த்தி இடம் பண்ணி, முன் சீட்டைக் கைக்குட்டையால் தட்டினார். பட்டாணி வண்டிக்குப் பின்னால் நின்று வீட்டுக்கு ஃபோன் போட்டாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் எடுத்தாள் அம்மா.

"என்னடி, ஜெயிச்சியா?"

"ரெண்டாவது. அம்மா, அக்கா இங்க இருக்கா. அப்பா அவகிட்டப் பேசிட்டார். நம்ம வண்டியிலயே வீட்டுக்கு வர்றா."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று பிடிபடவில்லை.

"பேசிட்டாரா? நிஜமாவா?" குரல் உடைந்து இளகியது. "எப்படி இருக்கா? இளைச்சிருக்காளா?"

"கண்ணாடி போட்டிருக்காம்மா."

"கண்ணாடியா..." அம்மா அதையே ஒரு முறை தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு குரலை யாரோ இழுத்துக் கட்டியது போல் ஆனது. "இன்னிக்கு வேண்டாம்டி. அழைச்சிட்டு வராதே. வீடு கிடக்கிற கிடப்புல... அடுத்த வாரம் வரட்டும். நான் சொன்னேன்னு சொல்லாதே. அவளுக்கு ஏதோ வேலை இருக்குன்னு நீயே எதையாவது சொல்லி இறக்கி விட்டுடு."

"அம்மா, உனக்கு இப்ப காய்ச்சல் அடிக்குதா?"

கம்பளியை இழுத்துக்கொள்ளும் சரசரப்பு கேட்டது. தொடர்பு அறுந்தது.

பட்டாணி ஃபோனை இறக்கினாள். வண்டிக்குள் அப்பா சாவியைப் போட்டபடி பெரியவளிடம் என்னவோ காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் பார்த்த செவலையைப் பற்றித்தான் இருக்க வேண்டும். அவர் கை காற்றில் ஒரு மாட்டின் முதுகை வரைந்தது. இத்தனை வார்த்தைகளை அவர் வாயிலிருந்து கேட்டு எத்தனை காலமாயிற்று!

அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"என்ன சொன்னா உங்கம்மா?"

அக்காவும் திரும்பிப் பார்த்தாள்.

பட்டாணி கதவைத் திறந்து, இருவரையும் இடித்துக்கொண்டு உள்ளே ஏறினாள்.

"சீக்கிரம் கூட்டிட்டு வரச் சொன்னாங்கப்பா," என்றாள். "சாயங்காலம் ஆகறதுக்குள்ள."